குழந்தைகளோடு பறித்த பழம் வீணாகாமல் இருக்க: பறிப்பதிலும் பதப்படுத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழம் பறிக்கப் போன நாளில் குழந்தைகளுக்கு இருக்கும் குதூகலம், மூன்றாம் நாள் கூடையைத் திறக்கும்போது வீட்டில் யாருக்கும் இருப்பதில்லை. அடியில் கிடந்த ஸ்ட்ராபெரி நசுங்கி, சாறு வடிந்து, மேலே பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். "இது நான் பறிச்சதாம்மா?" என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். அவள் கையால் பறித்ததைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசே வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் எங்கே தவறுகிறோம் என்று கவனித்து வருகிறேன். பெரும்பாலான பழம் மரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில்தான் கெடுகிறது. ஜாம் காய்ச்சத் தெரிந்தவர்கள்கூட அந்த இடைவெளியை யோசிப்பதில்லை.

கூடை கொள்ளும் மட்டும் பறிப்பது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். தோட்டத்தில் நிற்கும்போது ஆறு கிலோ அதிகமாகத் தெரியாது. வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பினால்தான் தெரியும். ஜாம் காய்ச்சும்போது ஒரு தடவைக்கு ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் ஒன்றரைக் கிலோ பழம்தான் சரியாக வரும். கழுவி, நறுக்கி, காய்ச்சி, ஜாடியில் அடைக்க இரண்டு மணி நேரம் ஆகும். ஆறு கிலோ என்றால் நாலு தடவை. அதற்கு நேரம் இருக்கிறதா, ஜாடி இருக்கிறதா, ஃப்ரீசரில் இடம் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். போன பிறகு பிள்ளைகளைப் "போதும்" என்று நிறுத்துவது நடக்காத காரியம். அதனால் ஆளுக்கு ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டால், அது நிறைந்ததும் வேலை முடிந்தது என்று அவர்களுக்கே தெரியும்.

எது பிறகு பழுக்கும், எது பழுக்காது

குழந்தைகள் கைக்கு எட்டியதைப் பறிப்பார்கள். அது இயல்பு. ஆனால் எல்லாப் பழமும் பறித்த பிறகு பழுக்காது என்பதைப் பெரியவர்களே பல பேர் அறியாமல் இருக்கிறோம். ஆப்பிள், பேரிக்காய், பீச், பிளம், மாம்பழம், வாழை போன்றவை எத்திலீன் என்ற வாயுவைத் தாமே வெளிவிட்டு, பறித்த பிறகும் பழுக்கும். ஸ்ட்ராபெரி, திராட்சை, செர்ரி, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவை பறித்த அந்த நிலையிலேயே நின்றுவிடும். காம்புப் பக்கம் வெளுத்திருக்கும் ஸ்ட்ராபெரியை வீட்டில் வைத்தால் நிறம் கொஞ்சம் ஏறலாம், ஆனால் இனிப்பு ஏறாது. "முழுசா சிவந்ததை மட்டும் தேடு" என்று ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் நாலு வயதுப் பிள்ளைகூடச் சரியாகப் பொறுக்கும். பேரிக்காய் இதற்கு நேர்மாறு. மரத்திலேயே கனியட்டும் என்று விட்டுவைத்தால் உள்ளே பழுப்பேறிக் குழைந்துவிடும். முற்றியதும் கெட்டியாக இருக்கும்போதே பறித்து வீட்டில் பழுக்கவைக்க வேண்டும்.

பறிக்கும் விதமும் முக்கியம். ஆப்பிளைக் கீழே இழுத்தால் பழத்தோடு சிறு கிளையும் ஒடிந்து வரும். அடுத்த வருடம் பூக்க வேண்டிய மொட்டு அந்தக் கிளையில்தான் இருக்கிறது. உள்ளங்கையில் பழத்தை ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருக வேண்டும். கையோடு வந்தால் அது தயார். வராவிட்டால் விட்டுவிட வேண்டும். ஸ்ட்ராபெரியைப் பிடித்து இழுக்காமல் காம்பை நகத்தால் கிள்ள வேண்டும். பச்சை இதழோடு இருக்கும் பழம் இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும்.

கீழே விழுந்த பழம்

குனிந்து பொறுக்குவது சுலபம் என்பதால் சிறு பிள்ளைகள் போய் நிற்கும் இடம் மரத்தடிதான். நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில். முதல் காரணம், விழுந்து வெடித்த பழத்தை மொய்க்கும் குளவி. இரண்டாவது, மண்ணில் கிடக்கும் விலங்குகளின் எச்சம். 1996ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவிலும் சூடுபடுத்தாத ஆப்பிள் சாற்றைக் குடித்து 60 பேருக்கு மேல், விலங்குகளின் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் தொற்றுக்கு ஆளானார்கள், ஒரு சின்னக் குழந்தை இறந்தே போனது. மூன்றாவது, அடிபட்டு அழுகிய ஆப்பிளில் வளரும் பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். பூஞ்சை செத்துவிடும், அந்த நச்சு பெருமளவு அப்படியே நிற்கும். அழுகிய பழத்தை ஜாமில் சேர்த்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

மற்ற எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏணி பெரியவர்களுக்கு மட்டும். மருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று, இப்போது பறிக்கலாமா என்று தோட்டக்காரரிடம் கேட்ட பிறகே பறிக்க வேண்டும், பறித்ததைக் கழுவாமல் வாயில் போடக் கூடாது. வேலியோரத்தில் இருக்கும் பெயர் தெரியாத காய்களைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் திராட்சையை முழுசாகத் தராமல் நீளவாக்கில் நாலாகக் கீறித் தர வேண்டும், செர்ரியில் கொட்டையை எடுத்துவிட வேண்டும். தொண்டையில் சிக்கினால் மூச்சே நின்றுவிடும்.

வீடு வந்து சேரும் வரை

வெயிலில் பறித்த பழம் அந்தச் சூட்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். ஆறும் வரை வேகமாகக் கெட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே காலையில், பனி உலர்ந்த பிறகு பறிப்பது நல்லது. ஆழமான வாளியில் மென்மையான பழங்களை அடுக்கினால் மேலே உள்ள எடையே அடியில் இருப்பதை நசுக்கிவிடும். நாலு விரல் உயரத்துக்கு மேல் போகாத தட்டையான பெட்டிகளில் பரப்புங்கள். மூடிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது இன்னொரு பெரிய தவறு.

வந்ததும் நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் கழுவி வைப்பவர்கள் அதிகம். பூஞ்சைக்குத் தேவையானது ஈரம்தான், அதை நாமே ஊற்றிக் கொடுக்கிறோம். பயன்படுத்தப் போகும்போது மட்டும் கழுவுங்கள். அன்று மாலையே செய்ய வேண்டியது தரம் பிரிப்பது: நல்லது, அடிபட்டது, கெட்டது. இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. அடிபட்டது இன்றே அடுப்புக்கு, நல்லது ஃப்ரிட்ஜுக்கு. ஆப்பிளைக் கீரையோடும் உருளைக்கிழங்கோடும் சேர்த்து வைக்காதீர்கள். அது விடும் எத்திலீனில் கீரை மஞ்சளாகும், கிழங்கின் ருசியும் கெடும்.

அடுப்பில்

ஜாம் கெட்டிப்படுவது பெக்டின் (பழத்திலேயே இருக்கும், ஜாமை இறுகவைக்கும் பொருள்), அமிலம், சர்க்கரை என்ற மூன்றும் சரியான அளவில் சேரும்போதுதான். குழந்தைகளுக்காகச் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் இனிப்பு மட்டும் குறைவதில்லை. ஜாம் இறுகாது, அலமாரியிலும் தாங்காது, ஏனென்றால் நுண்ணுயிர்களுக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்வது அந்தச் சர்க்கரைதான். குறைந்த சர்க்கரை வேண்டுமென்றால் அதற்கென்றே வரும் பெக்டினை வாங்குங்கள், அல்லது கொஞ்சமாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள்.

அளவை இரட்டிப்பாக்குவதும் தப்பு. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வற்ற நேரமாகும், அத்தனை நேரம் கொதித்தால் பெக்டின் சிதைந்துவிடும். அப்புறம் எவ்வளவு கிளறினாலும் பாகாகத்தான் நிற்கும். மிகவும் கனிந்த பழத்தில் பெக்டின் குறைவு என்பதால், நாலில் ஒரு பங்கு சற்றே காயாக இருப்பதைச் சேர்த்துக்கொள்ளலாம். பதம் பார்க்க, ஃப்ரீசரில் வைத்த சின்னத் தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். சுருக்கம் விழுந்தால் போதும். வெப்பமானி வைத்திருந்தால், தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட நாலைந்து டிகிரி கூடுதலாக, அதாவது கடல் மட்டத்தில் சுமார் 104, 105 டிகிரி செல்சியஸில் இறக்கலாம். இந்தக் கட்டத்தில் பிள்ளைகள் அடுப்பருகே இருக்கவே கூடாது. வெந்நீர் மேலே பட்டால் வழிந்துவிடும், ஜாம் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது உயிரோடு சம்பந்தப்பட்ட தவறு. காற்றுப் புகாத ஜாடியில், அமிலம் போதாத உணவில், கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா நச்சை உண்டாக்கும். நிறமோ வாசனையோ காட்டிக்கொடுக்காமல் போகலாம். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தால் அந்தப் பாக்டீரியாவின் வித்துகள் முளைக்காது. பெரும்பாலான பழங்கள் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. ஆனால் தக்காளியும் அத்திப்பழமும் எல்லையோரத்தில் நிற்பவை. அரை லிட்டர் தக்காளிக்கு ஒரு மேசைக்கரண்டி, பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். நாமே பிழியும் சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால்தான் பாட்டில் சாறு. பப்பாளி, வாழை, முலாம்பழம் போன்றவற்றை ஜாடியில் அடைப்பதைவிட ஃப்ரீசரில் வைப்பதே எனக்கு நிம்மதி.

சூடான ஜாமை ஊற்றி ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். மூடி இறுகியது போலத் தெரியும், ஆனால் அதை நம்பி மாதக்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது. ஜாமுக்கு மேல் கால் அங்குலம் இடம் விட்டு, விளிம்பைத் துடைத்து மூடி, ஜாடி முழுவதும் மூழ்கும்படி கொதிநீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும். உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுமே, அதனால் 300 மீட்டருக்கு மேலே 5 நிமிடமும் 1,800 மீட்டருக்கு மேலே 10 நிமிடமும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாள் கழித்து மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். டப் என்று உள்ளே போய் எழும்பினால் அது மூடிக்கொள்ளவில்லை, ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். பிறகு எப்போதாவது மேலே பூஞ்சை தெரிந்தால் அதை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழு ஜாடியையும் எறிந்துவிடுங்கள்.

ஃப்ரீசரும் உலர்த்தலும்

எனக்கு ஒரே ஒரு முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் ஃப்ரீசரைச் சொல்வேன். பழங்களைக் கழுவி, நன்றாகத் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைய வைத்து, அதன் பிறகு பைக்கு மாற்ற வேண்டும். நேரடியாகப் பையில் கொட்டினால் ஒரே பாறையாகிவிடும். பைக்குள் காற்று இருந்தால் பழம் வறண்டு சுவை போகும். மைனஸ் 18 டிகிரியில் 8 முதல் 12 மாதம் வரை நன்றாக இருக்கும்.

உலர்த்தும்போது அவசரம் கூடாது. சூட்டைக் கூட்டினால் வெளித்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிக்கிக்கொண்டு பிறகு பூஞ்சை பிடிக்கும். 60 டிகிரி அளவு போதும், துண்டுகள் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். உலர்ந்ததும் ஜாடியில் முக்கால் அளவு போட்டு ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். ஜாடியின் சுவரில் ஈரம் கோர்த்தால் மறுபடி உலர்த்துங்கள். குலுக்கும் வேலையை எங்கள் வீட்டில் பையன் எடுத்துக்கொண்டான், ஒரு நாள்கூட மறந்ததில்லை.

கடைசியாகச் சீட்டு ஒட்டாமல் விடுவது. மூன்று மாதம் கழித்து எந்த ஜாடி எப்போது செய்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. பழத்தின் பெயர், தேதி, பறித்தவர் பெயர் மூன்றையும் பிள்ளைகளையே எழுதவிடுங்கள், எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம். ஜாமை ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், திறந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள். எங்கள் வீட்டில் இப்போது இரண்டு ஜாடி மிச்சம். மகள் பெயர் எழுதியதை அவள் பிறந்தநாளுக்குத் திறக்கச் சொல்லியிருக்கிறாள்.