அதியமான் தலைக்கு ராஜஸ்தான் சாஃபா வேண்டாம்

பள்ளி ஆண்டு விழா என்றால் தர்மபுரிப் பக்கம் எப்படியும் ஒரு அதியமான் மேடை ஏறிவிடுவான். ஔவைக்கு நெல்லிக்கனி நீட்டும் அந்தப் பையனின் தலையில் பெரும்பாலும் சாஃபா என்ற ராஜஸ்தான் தலைப்பாகை. நெற்றிக்கு மேலே கல் பதித்த சர்பேச், அதில் ஒரு இறகு. டிரஸ் வாடகைக் கடையில் 'ராஜா வேஷம்' என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருகிறார்கள். சர்பேச் முகலாயர் காலத்தில் அரசவைகளில் பரவிய தலைப்பாகை நகை. அதியமான் சங்க காலத்தவன். புறநானூற்றில் ஔவை அவனைப் பாடும்போது பனம்பூ மாலையைச் சொல்கிறார். சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு என்று, இன்னார் எந்தக் குடி என்பதைச் சூடிய பூவே காட்டிய காலம் அது. நம் பகுதி நடுகற்கள் அதற்குப் பிந்தியவைதான். ஆனாலும் அவற்றில் பல வீரர்கள் முடியை அள்ளிக் கொண்டை போட்டே நிற்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் நேரில் பார்க்கலாம். ஒரு கொண்டை, பனங்குருத்தில் முடைந்த பூமாலை, இது போதும் பையனுக்கு. வாடகைப் பணமும் மிச்சம்.

தெருக்கூத்துக் கிரீடத்தைக் கேட்டு வாங்கி மாட்டிவிடுவதும் சரியில்லை. கல்யாண முருங்கைக் கட்டையில் கண்ணாடிச் சில்லு ஒட்டிச் செய்த அது துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் ஆனது. கலைஞர்கள் கும்பிட்டுவிட்டுக் கட்டுகிற பொருள்.

கல்யாணத்துக்கு வருவோம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளைக்கு மைசூர் பேட்டா என்ற தலைப்பாகை வைத்தால் பொருத்தமாகவே இருக்கும். 1799 வரை இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்த மண்தானே. ஆனால் நெற்றி அணியான பாசிங்கம் கட்டும் குடும்பங்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பாசிங்கத்துக்கு நெற்றி வேண்டும். பேட்டாவைப் புருவம் வரை இறக்கிவிட்டால் பாசிங்கம் மூக்கில் வந்து உட்காரும். அளவு பார்க்கும்போதே இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது எண்ணெய். நலங்கு வைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை என்னதான் சீயக்காய் போட்டாலும் வழுவழுவென்றுதான் இருக்கும். பட்டு நேரடியாக அதன் மேல் நிற்காது, கறையும் பிடிக்கும். மெல்லிய பருத்தித் துணியை முதலில் இறுக்கிக் கட்டி, அதன் மேல் வையுங்கள். இறகு, தொங்கல் எல்லாம் மாலை மாற்றும்போது மாலை நாரில் மாட்டிக்கொள்ளும். மாப்பிள்ளை தலை குனிந்ததும் பேட்டா மாலையோடு போய்விடும். அந்த நேரத்துக்கு மட்டும் தாய்மாமன் பின்னாலிருந்து ஒரு கை பிடித்துக்கொண்டால் போதும்.

கொங்கு வழிக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்ட உருமாலைக்கட்டு என்று தனிச் சீரே இருக்கிறது. போட்டோவுக்காக ரெடிமேட் தலைப்பாகையைக் காலையிலேயே மாட்டிவிட்டு, அந்தச் சீர் வரும்போது அவசரமாகக் கழற்றுவது பார்க்கவே சங்கடம். முதலில் சீர் நடக்கட்டும், அப்புறம் போட்டோ.

கோயில் பரிவட்டம் சாமிக்குச் சாத்திய துணி, மரியாதையாகக் கட்டிவிடுவது. அதை வரவேற்பு மேடைக்கு அலங்காரமாகக் கொண்டுவராதீர்கள்.

விழா முடிந்ததும் ஜரிகை மேல் சென்ட் அடித்த பேட்டாவை அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஜரிகை கறுத்துவிடும். நிழலில் ஆறவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை அதில் படக்கூடாது.