பிளாஸ்டிக் அட்டை அச்சிடும்போது கைநழுவும் இடங்கள்

அடையாள அட்டைக்காகத் திருகோணமலை என்ற சொல்லைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, பி, யூ, என், எஃப் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கடைக்காரர் அவசரத்தில் யூனிகோடுக்கு மாற்றி, பழைய மென்பொருளில் ஒட்டினால் இன்னொரு கோளாறு: ‘கோ’வின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய்விடும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் என்றால் மத்திய கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துத் தெரிவைப் போட்டுவிட்டு அடிக்க வேண்டும். கோப்பை வெளியே கொடுக்கும்போது எழுத்துகளை வடிவங்களாக மாற்றிக் கொடுங்கள். மாற்றாத பிரதியொன்று உங்களிடம் இருக்கட்டும். எழுத்துப்பிழை கடைசியில்தான் கண்ணில் படும்.

மும்மொழி அட்டையில் தமிழுக்குத்தான் இடம் நெருக்கும். எழுத்தளவு 7 பொயின்ற்றுக்குக் கீழே போனால் புள்ளிகளும் சுழிகளும் அடைபடும். சின்ன எழுத்தை இறுக்குவதைவிடப் பதவிப்பெயரைச் சுருக்குவது நல்லது.

அட்டையின் அளவு 85.6 × 53.98 மில்லிமீற்றர், தடிப்பு 0.76. அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்றால் இது 1011 × 638 பிக்சல். பின்னணி நிறத்தைச் சுற்றிவர 2 மில்லிமீற்றர் வெளியே நீட்டுங்கள். எழுத்தை விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றராவது உள்ளே வையுங்கள். ஓரத்தில் மெல்லிய கோட்டுச் சட்டம் போடவே வேண்டாம். அட்டை அரை மில்லிமீற்றர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் காணாமல் போகும். புகைப்படத்தை வாட்ஸப்பில் வாங்குவதானால் ‘டொக்கியூமென்ற்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்பவர்கள் எப்சன் எல்805, எல்8050 போன்ற இங்க்ஜெற் பிரிண்டரின் தட்டில் அட்டையை வைத்து அடிக்கலாம். ஆனால் மேற்பூச்சுள்ள இங்க்ஜெற் அட்டைதான் வேண்டும். சாதாரண பிவிசி பிளாஸ்டிக் அட்டையில் மை உறிஞ்சப்படாமல் முத்து முத்தாக நிற்கும், விரல் பட்டதும் வழிந்துவிடும். லேசர் பிரிண்டரில் பிவிசி அட்டையை விடுவது பெரும் பிழை. பிவிசி 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும். உள்ளே டோனரை உருக்கும் உருளையின் சூடு அதைவிட மிக அதிகம். அட்டை உருளையில் சுற்றிக்கொண்டால் திருத்தச் செலவு பிரிண்டரின் விலையை எட்டலாம்.

ரிப்பனைச் சூடாக்கி நிறத்தை அட்டையில் ஏற்றும் பிரிண்டரில், அந்த ரிப்பனில் மஞ்சள், மஜெந்தா, சியான், கறுப்பு, மேற்படலம் என ஐந்து துண்டுகள் வரிசையாக வரும். ஒரு புள்ளி அடித்தாலும் ஒவ்வோர் அட்டைக்கும் ஐந்தும் முழுதாகப் போகும். ஆகவே முதலில் தாளில் உண்மையான அளவில் அடித்து, வெட்டி, பழைய அட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்தும் பார்கோடும் கறுப்புத் துண்டில்தான் விழ வேண்டும். மூன்று நிறங்களைக் கலந்து வரும் கறுப்பு பழுப்படித்து, ஓரம் கலங்கும்; அப்படி அடித்த பார்கோட்டைச் சில வாசிப்பான்கள் பிடிக்காது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கதவைத் திறந்துவைத்து அச்சிட்டால் தூசி விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. புள்ளி அட்டைக்கு அட்டை இடம் மாறினால் தூசி. துப்புரவு அட்டையைப் பிரிண்டரில் ஒருமுறை விட்டு, தூசியை எடுக்கும் ஒட்டும் உருளையையும் துடையுங்கள். எல்லா அட்டையிலும் ஒரே இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் முதலில் அச்சுத்தலையை ஆறவிட்டு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துப் பாருங்கள். அப்படியும் கோடு போகாவிட்டால் தலையில் கீறல். மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாரியில் ஏசி அறையின் குளிரிலிருந்து எடுத்த ரிப்பனை உடனே பூட்டாதீர்கள், வியர்க்கும். அட்டையை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் ஏறாது.

நாடா மாட்டும் துளையை அச்சிட்ட பிறகே போடுங்கள். முன்பே துளைத்த அட்டை ரிப்பனைக் கிழிக்கும், தலையையும் கீறும். உள்ளே சிப் உள்ள அட்டையென்றால் ஓரத்தோடு ஓடும் கம்பிச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் துளையுங்கள்.

முடிந்த ரிப்பனை அப்படியே குப்பையில் எறிய வேண்டாம். கறுப்புத் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அச்சான ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வெள்ளையாக வாசிக்கலாம். துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.