சேல்ஸிலிருந்து எச்.ஆருக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டீமுக்குப் புதிதாக ஒரு தம்பி வந்திருக்கிறார். ஆறு வருடம் பெர்சனல் லோன் விற்றவர், நல்ல உழைப்பாளி. போன வாரம் ஒரு கேண்டிடேட்டிடம் போனில் அவர் பேசியது பக்கத்து இருக்கையில் இருந்த என் காதில் விழுந்தது. "இன்னிக்கே அக்செப்ட் பண்ணிடுங்க சார், நாளைக்கு இந்த ஆஃபர் இருக்குமான்னு சொல்ல முடியாது."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வார்த்தைகளை 2019-ல் நானும் சொல்லியிருக்கிறேன். மதுரை, விருதுநகர் பக்கம் ஒன்பது வருடம் சோப்பும் ஷாம்பும் விற்றுவிட்டு, சென்னையில் எச்.ஆர். வேலைக்கு வந்த புதிது அது. ரெஸ்யூமேயை மாற்றி எழுதுவது, லிங்க்ட்இன் பக்கத்தைத் திருத்துவது பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

"எனக்கு ஆட்களோடு பழகப் பிடிக்கும்"

இன்டர்வியூவில் இதைச் சொல்லாதீர்கள். எச்.ஆரில் பாதி நாள் எக்செல்லோடுதான் பழக வேண்டும்.

ஆஃபரை விற்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாத விஷயம் இது.

சேல்ஸில் இருந்தவர்களுக்கு மாதக் கடைசி எப்படி இருக்கும் என்று தெரியும். டார்கெட்டுக்கு நாலு லட்சம் குறையும். டிஸ்ட்ரிபியூட்டர் அண்ணாச்சியைக் கெஞ்சிக் கூத்தாடி, குடோனில் இடம் இருக்கிறதோ இல்லையோ, சரக்கை இறக்கிவிடுவோம். கடைகளுக்குப் போகாத சரக்கு மூன்று மாதத்தில் எக்ஸ்பயரி என்று திரும்பி வரும். திரும்பி வந்த சரக்கின் பணத்தை அவர் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட் போட்டுச் சரிக்கட்டுவோம். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. எச்.ஆரில் அதே அவசரத்தில் நாம் இறக்குவது ஒரு ஆளை, அவர் குடும்பத்தோடு.

2019-ல் நான் எடுத்த ஆள் திருநெல்வேலிக்காரர். ஊரில் கையில் 34,000 வாங்கிக்கொண்டு சொந்த வீட்டில் இருந்தார். எங்கள் ஆஃபர் வருடத்துக்கு 6 லட்சம் சி.டி.சி., அதாவது ஒரு ஆளுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அவர் தயங்கினார். மாதக் கடைசி, எனக்கு இன்னும் ஒரு ஜாயினிங் வேண்டும். "மாசம் அம்பது வருது சார், யோசிக்காதீங்க" என்றேன். ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஐம்பதுதானே, பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஐம்பதாயிரம் என்ன ஆனது என்று பாருங்கள். அதில் பத்து சதவீதம், அதாவது 5,000, வேரியபிள். வருடக் கடைசியில் கம்பெனி கணக்குப் பார்த்துத் தரும், தராமலும் போகலாம். மீதி 45,000. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 25,000 என்பதால் கம்பெனி கட்டும் பி.எஃப். 3,000. வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்காக ஒதுக்கியது 1,202; ஐந்து வருடம் இருந்தால்தான் அது கிடைக்கும். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 600. இவ்வளவும் போக கிராஸ் 40,198. அதிலிருந்து அவர் பங்கு பி.எஃப். இன்னொரு 3,000, தொழில் வரி 208.

முதல் மாதச் சம்பளச் சீட்டை பிரின்ட் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். 36,990 என்ற எண்ணுக்குக் கீழே நீல மையில் இரண்டு கோடு போட்டிருந்தார். "சார், அம்பதுன்னு சொன்னீங்களே" என்றார். குரலில் கோபமே இல்லை. போரூரில் 13,000 வாடகைக்கு வீடு பார்த்து, ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மகளைப் பள்ளிக்கூடம் மாற்றியிருந்தார். நாலாவது மாதம் ஊருக்கே திரும்பிப் போனார். பழைய வேலையில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். என் கணக்கிலோ அந்த ஜாயினிங் வெற்றியாகவே நின்றது.

இப்போது நான் செய்வது இதுதான். ஆஃபர் லெட்டருக்கு முன்பே ஒரு பக்கத் தாள் அனுப்புகிறேன். மேலே முதல் வரி, மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழும் தொகை. அதற்குக் கீழே வேரியபிள்: எப்போது வரும், போன வருடம் உண்மையில் எவ்வளவு தந்தார்கள், நடுவில் ராஜினாமா செய்தால் என்ன ஆகும். பிறகு நோட்டீஸ் பீரியட். "வீட்ல காட்டிட்டு ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிடுவேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். ராஜினாமா கொடுத்து, வீடு மாறி வந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தத் தம்பியை உட்கார வைத்து இந்தக் கணக்கைத்தான் போட வைத்தேன். போட்டுவிட்டு, அந்தக் கேண்டிடேட்டுக்கு அவரே திரும்பப் போன் செய்தார்.

எல்லாவற்றையும் பேசி முடிக்கப் பார்ப்பது

மார்க்கெட்டில் எந்தத் தகராறையும் டீக்கடையில் பேசித் தீர்த்திருப்போம். ஒரு பெண் ஊழியர் பாலியல் தொந்தரவு என்று வந்து சொல்லும்போது அந்தத் திறமையைக் காட்டாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் அங்கேதான் போக வேண்டும். சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும், அதுவும் பணம் கொடுத்து முடிப்பதாக இருக்கக் கூடாது. "அவர் நல்ல பெர்ஃபார்மர்மா" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அடுத்து யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள்.

சட்டத்தைப் பிறகு படிக்கலாம் என்று விடுவது

முதல் மாதமே படியுங்கள். ஊழியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. யாருக்கு என்று கேட்டால் மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 என்றும், ஊழியர் பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 சதவீதம் என்றும் வாயில் வர வேண்டும். 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியக் கணக்கில் சேரும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு எடுக்கும் ஃபிக்ஸட் டெர்ம் ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. பழைய நோட்ஸை வைத்துப் படிப்பவர்கள் இன்டர்வியூவில் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

வீட்டில் சொல்லாமல் மாறுவது

இன்சென்டிவ் நின்றுவிடும், பெட்ரோல் அலவன்ஸ் நின்றுவிடும். எனக்கு மாதம் 11,000 குறைந்தது. சேருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒன்றரை வருடத்துக்கான இ.எம்.ஐ. கணக்கையும் போட்டுக் காட்டிவிடுங்கள்.

ரகசியம்

யார் சம்பளம் எவ்வளவு என்று மனைவியிடம்கூடச் சொல்லாதீர்கள்.

சேல்ஸ் பழக்கத்தையெல்லாம் தூக்கி எறிவது

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஃபாலோ அப். ஆள் சேர்ந்த முப்பதாவது நாள், முதல் சம்பளம் விழுந்ததும், நானே போன் செய்கிறேன். "சொன்ன தொகை வந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.