வட சென்னையில் முதல் பழைய கார்: விறுவிறுப்பா, சொகுசா?

நான்கைந்து லட்சம் ரூபாய்க்குள் ஒரு பழைய கார் வேண்டும். ஓட்டும்போது விறுவிறுப்பாக இருக்க வேண்டும். அம்மா பின்னால் உட்கார்ந்து வந்தால் இடுப்பைப் பிடிக்கக் கூடாது. தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் முதல் கார் தேடுகிற பலர் கேட்பது இதைத்தான். இந்த விலையில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது. ஒன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் மற்றது கைக்கு வரும். எதில் எவ்வளவு விடலாம் என்பதை விற்பவரின் வாசலுக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய் நின்றால் பளபளப்பான சிவப்பு வண்டிதான் முடிவு செய்யும்.

படி 1: தினமும் போகும் சாலையை எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரி போதும். வாரநாளில் எங்கிருந்து எங்கே, எந்த வழியாகப் போகிறீர்கள். வண்டியில் எத்தனை பேர்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து மணலிக்கோ எண்ணூருக்கோ வேலைக்குப் போகிறவர் என்றால், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளோடுதான் உங்கள் காலைப் பொழுது. அந்தக் கனத்தைத் தாங்கித் தாங்கி அங்கே சாலை வரி வரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதில் 100 குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை. முதல், இரண்டாம் கியரில்தான் ஊர்ந்து போவீர்கள். மாதவரத்தில் குடியிருந்து, வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வழியாக அடிக்கடி வெளியூர் போகிறவர் நிலை வேறு. அவருக்கு எஞ்சினின் இழுவையும் அதிக வேகத்தில் ஆடாத உடலும் உண்மையாகவே பயன்படும்.

இங்கே ஊருக்குள் ஓட்டுபவருக்கு விறுவிறுப்பு என்பது உச்ச வேகம் அல்ல. லேசான கிளட்ச், சொன்ன பக்கம் உடனே திரும்பும் ஸ்டியரிங், நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே இழுக்கும் எஞ்சின், லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் நுழைந்து வெளியேறும் சிறிய உடல் ஆகிய இந்த நான்கும்தான். இந்தக் கணக்கில் பார்த்தால் பெரிய டர்போ எஞ்சினை விட 83 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் மாருதி ஸ்விஃப்ட்டே தினமும் அதிக மகிழ்ச்சி தரும்.

தெருவையும் மறக்காதீர்கள். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பல தெருக்களில் ஒரு பக்கம் பைக் வரிசை, மறு பக்கம் திண்ணை. ஸ்விஃப்ட்டின் நீளம் ஏறத்தாழ 3.85 மீட்டர், மாருதியின் செடானான சியாஸ் 4.49 மீட்டர். அந்த அறுபத்து நான்கு சென்டிமீட்டரை எங்கே நிறுத்துவீர்கள் என்பதை நாடாவால் அளந்து பாருங்கள். சொகுசு வண்டி வாங்கிவிட்டு இரண்டு தெரு தள்ளி நிறுத்துவதில் என்ன சொகுசு?

படி 2: டயரின் பக்கத்தைப் படியுங்கள்

சொகுசைத் தேடுபவர்கள் சீட்டை அமுக்கிப் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் குனிந்து டயரைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்பது போல எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 165/80 டயரில் பக்கச்சுவர் 132 மி.மீ. 185/65 டயரில் 120. மாருதி பலேனோவின் உயர் ரகங்களில் வரும் 195/55 ஆர்16 டயரில் வெறும் 107. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது முதல் அடியை வாங்குவது அந்த ரப்பரும் காற்றும்தான். ஓர் அங்குலம் குறைந்தால் அது முதுகில் தெரியும். வளைவில் திரும்பும்போது குறைந்த பக்கச்சுவர் நெளியாமல் நின்று வண்டிக்கு ஓர் இறுக்கம் தரும். விறுவிறுப்பும் சொகுசும் மோதிக்கொள்வது இங்கேதான். ஆகவே ஒரே மாடலில் அலாய் சக்கரம் போட்ட உயர் ரகத்தை விட, இரும்புச் சக்கரம் போட்ட நடு ரகம் நம் சாலைக்கு மென்மையாக இருக்கும், விலையும் குறையும். பள்ளத்தில் விழுந்தால் இரும்புச் சக்கரம் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்ற வேண்டியதுதான்.

ஆனால் கீழ் ரகத்தில் பாதுகாப்பு குறைந்திருக்கலாம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரலிலும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையிலும்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய வண்டி என்றால் இரண்டும் உண்டா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இந்த இரண்டிலும் நான் எந்தச் சமரசமும் செய்ய மாட்டேன்.

பக்கத்திலேயே நான்கு இலக்க எண் ஒன்று தனியாக இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறேழு ஆண்டு கடந்த ரப்பர் இறுகியிருக்கும். நான்கு டயர் செலவைப் பேரத்தில் கழியுங்கள்.

படி 3: இரண்டு மூன்று மாடலுக்குள் சுருக்குங்கள்

விறுவிறுப்புப் பக்கம் சாய்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது 2018க்குப் பிந்தைய ஸ்விஃப்ட். எடை குறைவு, உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் எல்லா ரகத்திலும் உண்டு. முந்தைய தலைமுறையில் பின்சீட்டு நெருக்கம். டிக்கி வெறும் 204 லிட்டர், திருத்தணிக்குக் குடும்பத்தோடு போனால் பாதி மூட்டை மடியில்தான்.

ஃபோர்டு ஃபிகோவின் 1.5 டீசல் (2015க்குப் பிந்தையது) 100 குதிரைத்திறன் கொண்டது. இந்த விலைக்கு இதைவிடச் சிரிக்க வைக்கும் வண்டி அரிது. ஃபோர்டு 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதனால்தான் விலை இறங்கியிருக்கிறது. நம்பகமான மெக்கானிக் ஒருவர் கைவசம் இருந்தால் வாங்கலாம்; இல்லையென்றால் வேண்டாம்.

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. மீது பலருக்குக் காதல். அதன் 1.2 லிட்டர் வண்டியில் இருப்பது டி.எஸ்.ஜி. எனும் 7 கியர் உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி. நின்று நின்று நகரும் போக்குவரத்தில் சூடேறும் வகை. பழுதானால் பில் கண்ணைக் கட்டும். மூலக்கடையில் தினமும் சிக்குகிறவர் தள்ளியே நிற்பது நல்லது.

சொகுசுப் பக்கம் சியாஸ், 2014க்குப் பிந்தைய ஹோண்டா சிட்டி, டொயோட்டா எட்டியோஸ். சியாஸின் முன் பின் சக்கர இடைவெளி 2,650 மி.மீ.; பின்சீட்டில் காலை நீட்டி உட்காரலாம். சிட்டிதான் இரண்டு உலகத்துக்கும் அருகில் வருகிறது: 119 குதிரைத்திறன், தாராளமான பின்சீட்டு. எட்டியோஸ் அலங்காரம் இல்லாத வண்டி, ஆனால் உழைக்கும். அதில் டாக்சியாக ஓடி மஞ்சள் பலகையை வெள்ளையாக மாற்றியவை நிறைய உண்டு. பதிவு விவரத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பட்டியலையே ஓரமாக வையுங்கள். தாழ்ந்த செடானில் இறங்கி ஏறுவதை விட ரிட்ஸ், வேகன்-ஆர் போன்ற உயரமான சீட்டுதான் அவர்களுக்குச் சொகுசு.

ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய வண்டி, சைலன்சர் மாற்றிய வண்டி, பெரிய சக்கரம் மாட்டிய வண்டி எதுவானாலும் விலையே கேட்காதீர்கள். இரண்டு சுகமும் அதில் இருக்காது.

படி 4: வெள்ளமும் உப்புக்காற்றும்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்திருக்கின்றன. மேலே பார்த்தால் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். கழுவுகிறவர் பெரும்பாலும் பாதி வரைதான் இழுத்திருப்பார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் நிறத்தில் ஒரு கோடு ஓடினால், வண்டிக்குள் தண்ணீர் நின்றது என்பது தெரிந்துவிடும். அடுத்து முன்சீட்டின் தண்டவாளத்தில் துரு, தரைவிரிப்புக்குக் கீழே ஈரம், ஸ்டெப்னி குழியில் வண்டல், டேஷ்போர்டுக்குக் கீழே வயர் முனைகளில் பச்சைப் படலம் ஆகியவற்றைப் பாருங்கள். 2023இல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அந்தப் பகுதியிலிருந்த வண்டி என்றால் அடிப்பாகத்து ரப்பர் புஷ்கள் ஊறி உப்பியிருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரத் தெருவில் பல ஆண்டு நின்ற வண்டிக்கு வேறு நோய். கதவைத் திறந்து கீழ் விளிம்பை விரலால் தடவுங்கள். வண்ணம் கொப்புளித்திருந்தால் உள்ளே தகடு அரித்துவிட்டது. ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், அங்கே ஒட்டாது, பயப்பட வேண்டாம்.

படி 5: ஓட்டிப் பாருங்கள், பிறகு ஓட்டாமல் பாருங்கள்

காலையில் போங்கள், “வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது தெரியும் எதையோ மறைக்கிறார்கள்.

விற்பவர் காட்டும் நல்ல சாலையில் ஓட்டாமல் நீங்கள் தாளில் எழுதிய வழியில் ஓட்டுங்கள். மேம்பாலம் ஒன்று கட்டாயம் வேண்டும், மின்ட் மேம்பாலம் போதும். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மெதுவாக ஏறி, ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். சுற்று ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள்; ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் அல்லது லிங்க் ராட் தேய்ந்திருக்கும். இவை மாற்றக்கூடியவைதான், ஆனால் விலையில் குறைய வேண்டும். ஏ.சி.யைப் போட்டு, நிறுத்திய நிலையில் பத்து நிமிடம் விடுங்கள். குளிர் குறைந்தாலோ வெப்பமானி நடுவைத் தாண்டினாலோ மே மாதத்தில் இந்த வண்டி உங்களைக் கைவிடும்.

இனி யாரும் செய்யாத வேலை. சாவியை நண்பரிடம் கொடுத்து, நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். அதே பள்ளம், அதே வேகத்தடை. ஸ்டியரிங் பிடித்திருந்தபோது இறுக்கமாக, சுகமாகத் தெரிந்த வண்டி பின்னால் உட்கார்ந்தால் தூக்கிப் போடும். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையே உட்கார வையுங்கள். “பரவாயில்லப்பா” என்று அவர் சொல்லும் தொனியிலேயே விடை இருக்கும்.

ஓடோமீட்டரை அதிகம் நம்ப வேண்டாம். பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகி, ஸ்டியரிங் தோல் உரிந்திருக்கும் வண்டி 35,000 கி.மீ. ஓடியது என்றால் சிரித்துவிட்டு வாருங்கள். விற்பவர்கள் சொல்வதைக் கேட்டால், சந்தையில் உள்ள பழைய கார்கள் எல்லாமே ஏதோ ஒரு டாக்டர் ஓட்டியவைதான்.

படி 6: காகிதம்

அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், அபராதம் நிலுவை உண்டா, கடன் அடமானம் உண்டா என்று பாருங்கள். அடமானம் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. புதுச்சேரி, டெல்லி எண் உள்ள வண்டி மலிவாகத் தெரியும். அந்த ஊர் என்.ஓ.சி.யும் தமிழ்நாட்டுச் சாலை வரியும் சேர்ந்தால் மலிவு கரைந்துவிடும். பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு ஆய்வுக்குப் பின் ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 12 வயது வண்டி வாங்குபவர் இதையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக முந்தைய உரிமையாளருக்குக் கிடைத்த தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது. அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். வண்டி வீட்டுக்கு வந்த வாரமே எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றி, சக்கர அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். டீசல் ஃபிகோ என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்ற ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு புதியது போடுங்கள்.