கார் இன்சூரன்ஸ்: க்ளைம் நாளில் கையைக் கடிக்காத பாலிசியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரின்யூவல் தேதி நெருங்கியதும் நாலு கம்பெனி பிரீமியத்தை ஒப்பிட்டு, இருப்பதிலேயே குறைவானதை எடுத்துவிடுகிறோம். வண்டி இடிபட்ட பிறகு வரும் பில்லில் நம் பங்கு எவ்வளவு என்பதை அந்த ஒப்பீடு காட்டாது. பாலிசியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தப் பங்கை வைத்துத்தான்.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியானாலும் ஒரே தொகைதான். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜிஎஸ்டி தனி. இது எதிராளிக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டுமே. உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. உங்களோடு காரில் வந்த மைத்துனருக்கோ மாமியாருக்கோ அடிபட்டாலும் தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி கைகொடுக்காது. உங்கள் வண்டியின் சேதத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அவர்களும் அடங்குவார்கள். "பழைய வண்டிதானே" என்று தேர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்பவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் கார் என்றால், எத்தனை வருடம் ஆனாலும் காம்ப்ரிஹென்சிவ்தான் சரி.

அந்த காம்ப்ரிஹென்சிவ் பாலிசியும் முழு பில்லையும் கட்டிவிடாது. மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலைதான். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு கூடும். மூன்று முதல் நான்கு வயது வரை 25%.

மூன்றரை வருட கார், 1,200 சிசி, முன்பக்கம் இடிபட்டதாக வைத்துக்கொள்வோம். பம்பர் 8,000, பானட் 12,000, முன் கண்ணாடி 9,000, பெயின்டிங் 10,000, லேபர் 4,000. மொத்தம் 43,000 ரூபாய். பம்பரில் 4,000, பானட்டில் 3,000 கழியும். பெயின்டிங் பில்லில் கால்பங்கைப் பெயின்ட் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பதால் 1,250. இவை போக எல்லா க்ளைமிலும் கட்டாயமாகக் கழிக்கும் 1,000 ரூபாய். 1,500 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு இது 2,000. ஆக உங்கள் கையிலிருந்து 9,250 ரூபாய் போகும். ஆயில், கூலன்ட், நட்டு, போல்ட் எல்லாம் இதற்கும் மேல்.

'பம்பர் டு பம்பர்' என்று ஷோரூமில் சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியத்தில் சேர்க்கும் வசதி) சேர்த்திருந்தால் இதே பில்லில் நீங்கள் கட்டுவது அந்த 1,000 மட்டும்தான். பெரும்பாலும் ஐந்து வயது வரையுள்ள வண்டிக்கே தருகிறார்கள், கிடைக்கும்வரை விடாதீர்கள். வருடத்துக்கு எத்தனை க்ளைம் என்ற வரம்பையும் கேளுங்கள், பல பாலிசிகளில் இரண்டோடு சரி.

அடுத்து ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு. வண்டி திருடு போனாலோ, ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி டோட்டல் லாஸ் (முழு இழப்பு) ஆனாலோ கிடைக்கும் தொகைக்கு இதுதான் அடிப்படை. இன்றைய ஷோரூம் விலையிலிருந்து மூன்று முதல் நான்கு வருட வண்டிக்கு 40% கழிப்பது வழக்கம். 8 லட்ச ரூபாய் கார் என்றால் 4.8 லட்சம் வர வேண்டும். பிரீமியம் குறைவாகத் தெரியட்டும் என்று 4 லட்சம் போட்டிருந்தால், ஆயிரம் இரண்டாயிரம் மிச்சத்துக்காக 80,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள். கொட்டேஷன்களை ஒப்பிடும்போது எல்லாவற்றிலும் ஒரே ஐடிவியைப் போடச் சொல்லிப் பாருங்கள்.

சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தண்ணீர் தேங்கும் பகுதிகளில் காரை நிறுத்துபவர்களுக்கு இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற ஆட்-ஆன் மிக முக்கியம். வெள்ளத்தில் சீட், வயரிங் கெட்டால் காம்ப்ரிஹென்சிவ் பார்த்துக்கொள்ளும். ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், அமுங்காத தண்ணீரை பிஸ்டன் அழுத்தப்போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரால் நேரடியாக வந்த சேதம் இல்லை என்று சாதாரண பாலிசியில் அதை மறுத்துவிடுவார்கள். இந்த ஆட்-ஆன் இருந்தாலும் சாவியைத் திருப்பாதீர்கள். தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்து, டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

சின்னக் கீறலுக்கு க்ளைம் போடலாமா என்பதை நோ க்ளைம் போனஸை வைத்து முடிவு செய்யுங்கள். க்ளைம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் இந்தத் தள்ளுபடி, ஒரே க்ளைமில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம்) 10,000 ரூபாய், உங்கள் போனஸ் 50% என்றால், மறுபடி 50 சதவீதத்தை எட்டுவதற்குள் 5,000, 3,000, 2,500, 1,500, 500 என மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். ஆகவே அதற்குக் குறைந்த பில்லைக் கையிலிருந்து கட்டிவிடுவதே லாபம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும். போனஸ் வண்டிக்கானது இல்லை, உரிமையாளருக்கானது. காரை விற்கும்போது கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கிவைத்துப் புது காருக்குப் பயன்படுத்துங்கள். கம்பெனி மாறும்போது இல்லாத போனஸை இருப்பதாகச் சொன்னால், பழைய கம்பெனியிடம் விசாரித்ததும் தெரிந்துவிடும். க்ளைம் அங்கேயே சிக்கும்.

சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு விட்டிருந்தாலும், ஓட்டியவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாவிட்டாலும் க்ளைம் மறுக்கப்படலாம். வெளியில் பொருத்திய எல்பிஜி, சிஎன்ஜி கிட்டை ஆர்சியிலும் பாலிசியிலும் பதியுங்கள். விபத்து நடந்ததும் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை எந்தப் பாகத்தையும் கழற்ற விடாதீர்கள். க்ளைமை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.