ஸ்நோர்கலுக்கு முன் பிரீதர்: மாரி தொடங்குவதற்குள் ஜீப்புக்குச் செய்ய வேண்டிய வேலை

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பழைய ஜீப் ஒன்றை வாங்குகிறவர் முதலில் கூரையில் எல்ஈடி விளக்கு வரிசை பூட்டுவார். அடுத்தது பெரிய ரயர். கையில் காசு மிஞ்சினால் ஸ்நோர்கல், அதாவது எஞ்சினுக்குக் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய். மூன்றுமே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் பாதையிலோ வவுணதீவுக்கு அப்பால் வயல்களை ஊடறுத்துப் போகும் கிரவல் வழிகளிலோ முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டிக்கு அடி விழும் இடம் எஞ்சின் அல்ல, அச்சின் நடுவில் இருந்து சக்கரங்களுக்கு வலுவைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியான டிபரன்சல். அதற்குள் தண்ணீர் போனது அன்றைக்குத் தெரியாது. மாதங்கள் கழித்துப் பின்பக்கம் முனகத் தொடங்கும்போதுதான் தெரியும். அதற்குள் பெயாரிங்கும் பற்சக்கரமும் அரைபட்டிருக்கும்.

இதைத் தடுக்கச் சில முழம் ரப்பர் குழாய் போதும். வாகனத்தில் கை வைத்தே பழக்கமில்லாதவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து முடிக்கலாம். டிபரன்சல் ஒயிலை மாற்றும் வேலையையும் சேர்த்தே செய்யுங்கள், இரண்டுக்கும் ஒரே அழுக்குத்தான்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது

ஓடும்போது டிபரன்சலும் அதற்குள் இருக்கும் காற்றும் சூடாகி விரியும். விரியும் காற்று வெளியேற அச்சுக்குழாயின் மேல்பக்கத்தில் சிறிய மூடியோடு ஓர் உலோகத் துண்டு இருக்கும். அதுதான் பிரீதர். சூடான அச்சு திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் அமிழ்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். கொதிநீர் ஊற்றி அலசிய பிளாஸ்டிக் போத்தலை உடனே மூடிக் குளிரவிட்டால் அது ஒடுங்கிப்போகுமே, அதே சங்கதி. அச்சு இரும்பு என்பதால் ஒடுங்காது. பதிலுக்கு, கிடைக்கிற வழியால் தண்ணீரை உறிஞ்சும். அந்த வழி பிரீதராக இருக்கலாம், தேய்ந்த ஒயில் சீலாகவும் இருக்கலாம்.

சேறு காய்ந்து பிரீதர் அடைத்துக்கொண்டால் எதிர்மாறாக நடக்கும். விரியும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் ஒயிலைச் சீல் வழியாக வெளியே தள்ளும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டியில் அந்த ஒயில் பிரேக் சூவில் படியும். வெள்ளத்துப் பக்கமே போகாத வண்டிக்கும் இது நடக்கும். ஆகவே குழாய் பூட்டும் எண்ணம் இல்லாதவர்கூட பிரீதரைக் கழற்றித் துப்புரவாக்கத்தான் வேண்டும்.

சில வண்டிகளில் தொழிற்சாலையிலேயே குழாய் பூட்டி வந்திருக்கும். அப்படியானால் அதிர்ஷ்டம், அது வெடித்திருக்கிறதா, கழன்று தொங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒன்றில் வெடித்திருக்கும், அல்லது யாரோ வெட்டி எறிந்திருப்பார்கள்.

தேவையானவை

எரிபொருள் குழாய் வாங்குங்கள்: உள்விட்டம் 6 அல்லது 8 மில்லிமீற்றர், ஒயிலுக்குத் தாக்குப்பிடிக்கும் கறுப்பு ரப்பர் வகை. மலிவு என்று கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயை எடுக்காதீர்கள். சூட்டில் அது இளகி மடிந்துவிடும். மடிந்த குழாயும் அடைத்த பிரீதரும் ஒன்றுதான். அச்சில் பூட்டும் குழாய் முனை ஒன்று, சிறிய கிளிப்புகள், பிளாஸ்டிக் கட்டுகள், மேல்முனைக்கு மோட்டார் சைக்கிளுக்குப் போடும் சின்ன எரிபொருள் வடிகட்டி ஒன்று. குழாய் முனையின் புரி அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். அளவைச் சொல்லிக் கேட்பதைவிடப் பழைய பிரீதரைக் கழற்றி உதிரிப்பாகக் கடைக்குக் கையோடு கொண்டுபோவதே சரி. கழற்றிய துளையைப் பழந்துணியால் அடைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் படி 4 வரை பழையதையே பூட்டிவையுங்கள்.

ஒயிலில் கவனம் வேண்டும். டிபரன்சலுக்குப் பெரும்பாலும் ஜி.எல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90 கியர் ஒயில். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் எல்.எஸ்.டி. வகை டிபரன்சல் என்றால் அதற்கென்று சேர்மானம் கலந்த ஒயில் வேண்டும். வண்டிக் கையேட்டில் இருக்கும். மிஞ்சிய ஜி.எல்-5 ஒயிலைக் கையேடு அனுமதிக்காமல் கியர்பொக்சில் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள சேர்மானங்கள் சில கியர்பொக்சுகளின் பித்தளை வளையங்களைத் தின்றுவிடும். அளவு, பொதுவாக ஓர் அச்சுக்கு ஒன்றரை முதல் மூன்று லீற்றர் வரை. இவற்றோடு வடிமூடிக்குப் புதிய வாசர், பழைய தாச்சி, கம்பித் தூரிகை, ஒயில் ஏற்றும் கைப்பம்பி.

படி 1: சூடாக்கி, சமதரையில் நிறுத்துங்கள்

நாலைந்து கிலோமீற்றர் ஓடிவிட்டு வாருங்கள். சூடான ஒயில் முழுதாக வடியும், அடியில் படிந்ததையும் கூட்டிக்கொண்டு வரும்.

இந்த வேலைக்கு ஜாக் போடாதீர்கள். உயரமான வண்டியின் அடியில் படுத்தபடியே செய்யலாம். ஒயில் மட்டம் பார்க்கவும் வண்டி சமமாக நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் நம் மண். கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கத்து முற்றங்கள் எல்லாம் கடற்கரை மணல். ஜாக் நேராக நிற்பதுபோல் நின்று மெல்லச் சரியும். உங்கள் வண்டி தாழ்வானது, உயர்த்தியே ஆக வேண்டும் என்றால் சீமெந்துத் தரை உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், அச்சுத் தாங்கிகளின் மேல் இறக்கி வைத்த பிறகே அடியில் நுழையுங்கள். நடுவில் பொந்துள்ள சீமெந்துக் கல்லைத் தாங்கியாக வைக்கிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நான்கு சக்கர இயக்கத்துக்கான சின்ன லீவர் நியூட்ரலில் இருந்தால், வண்டியைக் கியரில் விட்டிருந்தாலும் அது உருளும். இதை அறியாதவர்கள் பலர்.

படி 2: முதலில் மேல்மூடி

டிபரன்சலில் இரண்டு மூடிகள்: ஒயில் ஊற்றும் மூடி பக்கவாட்டில் நடு உயரத்தில், வடிக்கும் மூடி அடியில். சுற்றிலும் உள்ள சேற்றைத் தூரிகையால் தேய்த்து அகற்றிவிட்டு, ஊற்றும் மூடியை முதலில் இளக்குங்கள். அது இறுகிப்போய்க் கழராவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்திக் கராஜுக்கு ஓட்டிப் போகலாம். அடிமூடியைத் திறந்து ஒயிலை எல்லாம் வடித்த பிறகு மேல்மூடி கழரவில்லை என்று தெரிந்தால், ஓட்ட முடியாத வண்டி ஒன்று முற்றத்தில் நிற்கும்.

பல டொயோட்டா வண்டிகளில் 24 மில்லிமீற்றர் அறுகோண மூடி. வேறு சிலவற்றில் சதுரக் குழி. எதுவானாலும் அளவு சரியாகப் பொருந்தும் கருவியே வேண்டும். குறட்டால் திருகி முனைகளை மழுக்கிவிட்டால் பிறகு வெல்டிங்தான் கதி.

படி 3: வடியுங்கள், பாருங்கள்

தாச்சியை வைத்து அடிமூடியைத் திறவுங்கள். கியர் ஒயிலின் நாற்றம் கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும், கையுறை போடுங்கள். வடிந்த ஒயிலை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாக, தெளிவாக இருந்தால் வெறும் பழசு. பால்தேநீர் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியில் உள்ள காந்தத்தில் சாம்பல்நிறக் கூழ் ஒட்டியிருப்பது சாதாரணம். கூரான விளிம்புள்ள இரும்புத் துண்டு கிடைத்தால் சாதாரணம் இல்லை. அதை ஒரு கடதாசியில் பொதிந்து தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அடிமூடியை இப்போது மூட வேண்டாம்.

படி 4: குழாய் பூட்டுதல்

வடிந்துகொண்டிருக்கும்போதே பிரீதருக்குப் போகலாம். சுற்றிலும் நன்றாகத் துலக்கிய பிறகு கழற்றுங்கள். எவ்வளவு துலக்கினாலும் ஒரு துளி மண் உள்ளே விழத்தான் செய்யும். அடிமூடி திறந்திருப்பதால் கடைசியில் ஒரு கோப்பை புது ஒயிலை ஊற்றினால் அதுவும் கழுவிக்கொண்டு போய்விடும்.

குழாய் முனையைக் கையால் திருகி, ஸ்பானரால் சிறிது மட்டும் இறுக்குங்கள். நடுவில் துளையுள்ள துண்டு என்பதால் பலம் காட்டினால் ஒடிந்து புரி உள்ளேயே தங்கிவிடும். புரிக்குச் சுற்றும் வெள்ளை நாடா துளையை மறைக்காமல் இருக்கட்டும். பிறகு குழாயைச் செருகிக் கிளிப் போடுங்கள்.

குழாயைக் கொண்டுபோகும் பாதையில்தான் வேலையின் கெட்டித்தனம் இருக்கிறது. பின்னச்சின் குழாயைச் சேசியோடு சேர்த்துக் கட்டி, பின்விளக்குக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் முடிந்த அளவு உயரத்துக்கு ஏற்றுங்கள். முன்னச்சுக்கு எஞ்சின் அறையின் பின்சுவர் மேற்பகுதி பொருத்தம். அச்சு மேலும் கீழும் ஆடும், சேசி ஆடாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் குழாய் தளர்வாக இருக்க வேண்டும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இழுபட்டுக் கழன்றால் நீங்கள் செய்ததெல்லாம் வீண். அதற்காக ஊஞ்சல்போல் தொங்கவும் விடாதீர்கள், தாழ்ந்த வளைவில் ஒயில் தேங்கிக் காற்றை மறிக்கும். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு சாணாவது தள்ளியிருக்கட்டும். மேல்முனையில் வடிகட்டியைச் செருகுமுன் வாயால் ஊதிப் பாருங்கள், தடையில்லாமல் காற்றுப் போக வேண்டும்.

கியர்பொக்சுக்கும், வலுவை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் அனுப்பும் ட்ரான்ஸ்பர் கேசுக்கும் பிரீதர் உண்டு. நான்கையும் ஒரே குழாயில் இணைப்பவர்கள் இருக்கிறார்கள். புதியவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். தனித்தனிக் குழாய் என்றால் எந்த வடிகட்டியில் ஒயில் தெரிகிறதோ அந்தப் பகுதியில்தான் கோளாறு என்று பார்த்தவுடன் பிடிபடும்.

படி 5: புது ஒயில்

ஒரு கோப்பை ஊற்றி அலசி, புது வாசரோடு அடிமூடியை இறுக்கி, கைப்பம்பியால் மேல்துளை வழியாக ஏற்றுங்கள். துளையின் கீழ்விளிம்பில் வழியத் தொடங்கினால் மட்டம் சரி. சில நிமிடம் பொறுத்து விரலை விட்டுப் பார்த்து மூடுங்கள். பழைய ஒயில் பால்நிறமாக இருந்திருந்தால் இந்த ஒயிலையும் சில நாள் ஓடியபின் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். செலவுதான், ஆனால் பெயாரிங்கின் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

கழிவு ஒயிலை முற்றத்து மூலையில் ஊற்றிவிடாதீர்கள். கரையோர மணலில் நம் கிணறுகள் ஆழமில்லாதவை. ஊற்றியது கிணற்றுக்கு வந்து சேரும். போத்தலில் அடைத்துச் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

தண்ணீரில் இறங்கும்போது

பிரீதர் குழாய் அச்சைக் காக்கும், வண்டியை மிதக்கவிடாமல் பிடித்துவைக்காது. பழைய லாண்ட் ரோவர் டிபெண்டருக்கே தயாரிப்பாளர் சொன்ன ஆழம் 500 மில்லிமீற்றர்தான், அதுவும் தேங்கிய தண்ணீரில். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு – மாவடிப்பள்ளி பாதையில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரமே அடித்துச் செல்லப்பட்டு உயிர்கள் போயின. பாதைக்குக் குறுக்கே ஓடும் தண்ணீரில் எந்த ஜீப்பையும் இறக்காதீர்கள். தேங்கிய தண்ணீர் என்றாலும் சில நிமிடம் நிறுத்தி அச்சைச் சற்று ஆறவிட்டு இறங்குங்கள்.

வாவிக்கரைத் தண்ணீரில் உப்பு உண்டு. பாலமீன்மடு முகத்துவாரம் பக்கமோ ஒலுவில், பொத்துவில் கடற்கரையிலோ ஓடிவிட்டு வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தையும் பிரேக்கையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

முதல் தடவை தண்ணீரைக் கடந்து வந்த அடுத்த நாள், ஊற்றும் மூடியைத் திறந்து விரலில் தொட்டு ஒயிலைப் பாருங்கள். குழாய் பூட்டிய பிறகும் பால்நிறம் தெரிந்தால் தண்ணீர் சீல் வழியாக வருகிறது என்று பொருள். சக்கரத்துப் பக்கச் சீலா, சுழல்தண்டு டிபரன்சலுக்குள் நுழையும் இடத்துப் பினியன் சீலா என்று பார்த்து மாற்ற வேண்டும். பினியன் சீலை மாற்றும்போது அதன் நட்டை இறுக்கும் அளவு தவறினால் பெயாரிங் கெடும். அதை மட்டும் கராஜில் கொடுங்கள்.