அமிகாவுக்கு ஒரு கோடெக்

சித்தப்பா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த அமிகா 500 என்ற பழைய கணினி எங்கள் கிளிநொச்சி வீட்டில் கிரவல் புழுதி தின்று கிடந்தது. பிளாப்பி டிரைவில் வட்டு சுற்றும், படிக்காது. பிளாப்பி டிரைவுக்குப் பதிலாகப் பூட்டி, மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ உள்ள வட்டுக் கோப்பைப் படிக்கவைக்கும் கருவிகள் உண்டு. அதில் எச்எக்ஸ்சி (HxC) நல்லதுதான், எனக்கு விலை கட்டாது. அதனால் மலிவான கோடெக் (Gotek) வாங்கினேன். அதோடு வந்த மென்பொருள் 1.44 எம்பி வட்டுக்கானது. அமிகாவின் 880 கேபி வட்டுக்குச் சரிவராது. பிளாஷ்பிளாப்பி என்ற மாற்று மென்பொருளை ஏற்றி, இது எத்தனையாவது டிரைவ் என்று குறிக்கும் ஜம்பரை எஸ்0இல் குத்தினேன்.

போட்டவுடன் விளக்கு அணையாமல் எரிந்தது. அரை மணி நேரம் பென்டிரைவைத் திட்டினேன். பார்த்தால் ரிப்பன் கேபிள் தலைகீழ்! என் கோடெக்கில் பின்களைச் சுற்றி மறைப்பு இல்லை, எந்தப் பக்கமும் செருகலாம். சிவப்புக் கோட்டை முதல் பின் பக்கம் திருப்பிச் செருகியதும் ஏடிஎப் கோப்பு (அமிகா வட்டின் நகல்) ஓடியது. சின்னத் திரையில் வெறும் எண்ணைப் பார்த்து வட்டு தேடுவதுதான் எரிச்சல். கோப்பின் பெயரைக் காட்டும் ஓலெட் திரை ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.